முவாரா பாருவுக்கு முதலில் குடிநீர்க் குழாய்

ஜகார்த்தாவின் வடக்கு விளிம்பில் உள்ள முவாரா பாருவில், தெருவைவிடக் கடல் உயரத்தில் நிற்கிறது. இரண்டுக்கும் நடுவே இருப்பது ஒரு கான்கிரீட் சுவர். சுவருக்கு இப்பால் நெருக்கியடித்த வீடுகள், மீன் ஏற்றிச் செல்லும் லாரிகள், துறைமுகத் தொழிலாளர்கள் சாப்பிடும் சிறு கடைகள். அப்பால், அலைகளுக்கு நடுவே, கைவிடப்பட்ட வால் அதுனா பள்ளிவாசல். அங்கே தொழுகை நின்று இருபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. கடல் பொங்கி வந்து அதை விழுங்கியதாகப் பார்ப்பவர்களுக்குத் தோன்றும். உண்மையில், அது நின்ற நிலம்தான் கடலுக்குள் இறங்கிவிட்டது.

இந்த வேறுபாட்டை இந்தோனேசிய அரசு கணக்கில் கொள்ள வேண்டும். புவி வெப்பமாதலால் கடல்மட்டம் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் உயர்கிறது. வடக்கு ஜகார்த்தாவில் நிலம் ஆண்டுக்குப் பல சென்டிமீட்டர் தாழ்ந்து வந்திருக்கிறது. சில இடங்கள் 1970-களிலிருந்து சுமார் 4 மீட்டர் இறங்கியிருக்கின்றன. நகரப் பரப்பில் ஏறத்தாழ 40 சதவீதம் இன்று கடல்மட்டத்துக்குக் கீழே கிடக்கிறது. ஆற்று வண்டல் படிந்த மண் தானாகவே இறுகுவதும், அதன் மேல் எழும்பும் கட்டடங்களின் பாரமும் காரணங்களில் அடங்கும். ஆனால், மனிதர் நினைத்தால் நிறுத்தக்கூடிய பெரிய காரணம் ஒன்று இருக்கிறது: ஆழ்துளைக் கிணறுகள் வழியாக உறிஞ்சப்படும் நிலத்தடி நீர்.

ஒரு கோடிப் பேர் வாழும் நகரம் ஏன் தன் காலடியை உறிஞ்சுகிறது? குழாயில் தண்ணீர் வராததால்தான். நகரில் 13 ஆறுகள் ஓடியும் அவற்றின் நீர் குடிக்கத் தகுதியற்றதாகிவிட்டது. குழாயில் வருவதில் பெரும்பகுதி ஜாதிலுஹூர் அணையிலிருந்து கால்வாய் வழியே கொண்டுவரப்படுகிறது. சுகார்த்தோ ஆட்சியின் கடைசிக் காலத்தில், 1997-இல், குடிநீர் வழங்கல் 25 ஆண்டுகளுக்குத் தனியாரிடம் ஒப்படைக்கப்பட்டது; பிரெஞ்சு, பிரிட்டிஷ் நிறுவனங்கள் நகரை இரண்டாகப் பங்கிட்டுக்கொண்டன. மக்கள் வழக்குத் தொடுத்தார்கள். தனியார்மயத்தை நிறுத்தச் சொல்லி 2017-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனாலும் 2023 ஜனவரியில் ஒப்பந்தக் காலம் முடிந்த பிறகுதான் முழுப் பொறுப்பும் நகராட்சி நிறுவனமான பாம் ஜெயாவின் கைக்குத் திரும்பியது. கால் நூற்றாண்டு ஓடிய பின்னும், நகரவாசிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் குழாய் இணைப்புக்கு வெளியேதான் நின்றார்கள்.

அதன் விலையைக் கொடுப்பது முவாரா பாரு போன்ற குடியிருப்புகள்தான். இங்கே மேல்மட்டக் கிணற்று நீர் உப்புக் கரிக்கும். ஆழ்துளை போட ஏழைக்கு வசதியில்லை. ஆகவே தள்ளுவண்டியில் கேன்களில் வரும் தண்ணீரை, குழாய்க் கட்டணத்தைப் போலப் பல மடங்கு கொடுத்து வாங்குகிறார்கள். மீன் இறக்குபவரும் சிப்பி உரிக்கும் பெண்களும் அன்றாடக் கூலியில் ஒரு பகுதியைத் தண்ணீருக்கே எடுத்துவைக்கிறார்கள். ஆழத்து நீரைப் பெருமளவில் இழுப்பவை அடுக்குமாடிக் கட்டடங்களும் ஓட்டல்களும் ஆலைகளும். நிலம் இறங்குவதோ எல்லோருக்கும் பொதுவாக நடக்கிறது; அதிலும் கடலோரத்துக் குடிசை முதலில் நனைகிறது. ஓதம் ஏறும்போதெல்லாம் தரையில் கல்லும் மண்ணும் கொட்டி உயர்த்திக் கொள்கிறார்கள். தரை உயர உயரக் கூரை தலையில் தட்டுகிறது.

2007 நவம்பரில் பெரும் ஓதம் தடுப்பைத் தாண்டி இந்தப் பகுதிக்குள் புகுந்த பிறகுதான் அரசு விழித்தது. அதன் விடை, சுவர். 2014-இல் அறிவிக்கப்பட்ட திட்டம் ஜகார்த்தா விரிகுடாவையே அடைத்து, மேலிருந்து பார்த்தால் கருடன் சிறகு விரித்தது போல் தெரியும் கடற்சுவரையும் புது நகரையும் கற்பனை செய்தது. அந்தக் கருடன் பறக்கவில்லை. இப்போது அதிபர் பிரபோவோ சுபியாந்தோ அதைவிடப் பெரிதாக, பான்டென் முதல் கிழக்கு ஜாவாவின் கிரெசிக் வரை சுமார் 500 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு சுவரைத் திட்டமிட்டு, அதற்கு 8,000 கோடி டாலர் மதிப்பிட்டிருக்கிறார். 2025 ஆகஸ்டில் இதற்கென ஓர் ஆணையமும் அமைக்கப்பட்டுவிட்டது.

சுவரே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. முவாரா பாருவில் இன்று நிற்கும் சுவர் இல்லையென்றால் அங்கே மனிதர் வாழ முடியாது. அதைப் பேணுவது அரசின் கடமை. ஆனால், இறங்கும் நிலத்தில் கட்டிய சுவரும் நிலத்தோடு சேர்ந்து இறங்கும். 2019 டிசம்பரில் இதே முவாரா பாருவின் மீன்பிடித் துறைமுகத்தில், புதிதாகக் கட்டப்பட்ட கடல் தடுப்பின் ஒரு பகுதி சரிந்து விழுந்தது. விரிகுடாவை முழுக்க அடைத்தாலோ, சுத்திகரிக்காத கழிவைச் சுமந்துவரும் ஆறுகள் அத்தனையும் கடலில் கலக்க வழியின்றி உள்ளேயே தேங்கும். அந்தக் குட்டையில், கடலோர மீனவர் குடியிருப்பான ‘முவாரா அங்கே’யின் மீனவர்கள் எதைப் பிடிப்பார்கள்?

நிலத்தடி நீர் எடுப்பதைக் கட்டுப்படுத்தும் மாற்று வழி கற்பனையல்ல. உலகிலேயே மக்கள்தொகை மிகுந்த நகர்ப்பகுதி ஜகார்த்தா என்று ஐ.நா. 2025-இல் கணக்கிட்டது, அதற்கு முன் அந்த இடத்தில் இருந்தது தோக்கியோ. அந்தத் தோக்கியோவும் மூழ்கிக்கொண்டிருந்த நகரம்தான். அதன் கிழக்குப் பகுதியில் நிலம் 4 மீட்டருக்கு மேல் இறங்கியது. 1956-லும் 1962-லும் கொண்டுவந்த சட்டங்களால் ஆலைகளும் கட்டடங்களும் நிலத்தடி நீர் எடுப்பது கட்டுப்படுத்தப்பட்டது. அவற்றுக்கு வேறு நீர் தரப்பட்டது. 1970-களில் சரிவு பெருமளவு நின்றது. இறங்கிய நிலம் திரும்ப ஏறவில்லை, அங்கே இன்றும் தடுப்புச் சுவர்களும் மதகுகளும் காவல் நிற்கின்றன. ஆனால் அவை அசையாத நிலத்தின் மேல் நிற்கின்றன.

ஜகார்த்தாவும் ஓரடி எடுத்து வைத்திருக்கிறது. 5,000 சதுர மீட்டர் பரப்போ 8 மாடியோ எட்டிய கட்டடங்கள் குறிப்பிட்ட மண்டலங்களில் நிலத்தடி நீர் எடுக்க 2023 ஆகஸ்ட் முதல் தடை இருக்கிறது. நல்ல விதி. ஆனால் மாற்று நீர் வராத இடத்தில் தடை காகிதத்தோடு நின்றுவிடும், இரவில் மோட்டார் ஓடும். நகர் முழுவதற்கும் 2030-க்குள் குழாய் நீர் என்ற இலக்கு எட்டப்பட வேண்டுமானால் பணமும் வேகமும் இப்போதே வேண்டும். சுவருக்கோ இன்னும் 15, 20 ஆண்டுகள் பிடிக்கும் என்று அதிபரே சொல்கிறார். விரைவில் முடியக்கூடிய வேலையைப் பின்னுக்குத் தள்ளி, ஒரு தலைமுறை கழித்து முடியும் வேலைக்குக் கருவூலத்தைத் திறப்பது என்ன நியாயம்? தலைநகரை போர்னியோவுக்கு மாற்றும் முடிவும் இதற்கு விடையல்ல. அமைச்சகங்கள் போகலாம், மீன் சந்தை போகாது.

கடலோர மக்களை அகற்றிவிட்டால் பிரச்சினை தீரும் என்ற எண்ணமும் கைவிடப்பட வேண்டும். முவாரா பாருவுக்கு அருகிலுள்ள காம்புங் அக்குவாரியம் 2016 ஏப்ரலில் இடித்துத் தள்ளப்பட்டது. கடலை நம்பிப் பிழைத்தவர்களுக்குத் தொலைவிலிருந்த அடுக்குமாடிகளில் வீடு காட்டப்பட்டது. பலர் போக மறுத்து இடிபாடுகள் மேலேயே கூடாரம் போட்டார்கள். ஐந்தாண்டு கழித்து அதே இடத்தில் 241 வீடுகள் கொண்ட குடியிருப்பு எழுந்தது. அதை அங்கு வாழ்பவர்களின் கூட்டுறவு அமைப்பே நிர்வகிக்கிறது. இடித்த அரசும் கட்டிய அரசும் வேறு, இடமும் மக்களும் ஒன்றே. முடியாது என்று சொல்லப்பட்டது முடிந்திருக்கிறது.

எனவே, புதிய கடற்சுவர் ஆணையம் முதல் கல்லை நடுமுன் மூன்று வேலைகளைச் செய்ய வேண்டும். வடக்கு ஜகார்த்தாவின் ஒவ்வொரு வீட்டுக்கும் குழாய் இணைப்பு தருவதற்கான பணத்தைத் தன் திட்டத்திலேயே ஒதுக்க வேண்டும். யார் எவ்வளவு நிலத்தடி நீர் எடுக்கிறார்கள் என்ற மீட்டர் கணக்கை, கட்டடத்தின் பெயரோடு, ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். முவாரா பாரு, முவாரா அங்கே மீனவர்களுக்கு ஆணையத்தில் வாக்குரிமையோடு இடம் தர வேண்டும்; சுவர் எங்கே வரும், படகு போகும் வாய் எங்கே இருக்கும் என்பது அவர்கள் கையெழுத்து இல்லாமல் முடிவாகக் கூடாது.