2025-26 வரை ஒரு பிள்ளையைப் படிக்க வைக்க மாசம் 100 ரூபாய் போதுமாம்!

உங்கள் சம்பளச் சீட்டை எடுத்துப் பாருங்கள். "குழந்தைகள் கல்விப் படி" என்று ஒரு வரி இருக்கிறதா? இருந்தால், 2025-26 வரை அதில் எவ்வளவு தொகைக்கு வருமான வரி விலக்கு இருந்தது தெரியுமா?

ஒரு பிள்ளைக்கு மாதம் 100 ரூபாய். ஆயிரம் இல்லைங்க, நூறு! விடுதியில் தங்கிப் படிக்கும் பிள்ளைக்கு இன்னொரு 300 ரூபாய். அதுவும் இரண்டு பிள்ளைகளுக்கு மட்டும்தான். இருபது வருஷத்துக்கும் மேலாக இதே தொகைதான் இருந்தது. எம்.பி.க்கள் சம்பளம் ஏறுச்சு, ஸ்கூல் ஃபீஸ் ஏறுச்சு, 2025-26 வரை இந்த நூறு ரூபாய் மட்டும் அசையவே இல்லை.

கணக்குப் போடுவோம். இரண்டு பிள்ளைகள், 12 மாதம்: மொத்தம் 2,400 ரூபாய். 20 சதவீத வரி அடுக்கில் இருப்பவருக்கு, செஸ்ஸும் சேர்த்து, வருஷத்துக்கு மிச்சமானது 499 ரூபாய். ரெண்டு பிள்ளைங்களுக்காக ஒரு குடும்பத்தோட ரீஃபண்டில் கூடியது இவ்வளவுதான்! சம்பளச் சீட்டில் அந்த வரியே இல்லாத கம்பெனியில் வேலை பார்த்தவருக்கு அந்த 499-உம் கிடைக்கவில்லை.

"ஸ்கூல் ஃபீஸுக்கு 80சி இருக்கே"ன்னு கேட்பார்கள். இருக்கிறது. ஆனால் அந்த 1.5 லட்சத்துக்குள்தான் பிஎஃப், எல்ஐசி, வீட்டுக் கடன் அசல் எல்லாமே அடங்க வேண்டும். 2014-க்குப் பிறகு அந்த உச்சவரம்பு ஒரு ரூபாய்கூட உயரவில்லை. பிஎஃப்பும் வீட்டுக் கடனும் போனால் ஃபீஸுக்கு அங்கே இடம் எங்கே? அதிலும் டியூஷன் ஃபீஸ் மட்டும்தான் கணக்கு. வளர்ச்சிக் கட்டணம், நன்கொடை, பஸ் கட்டணம் என்று பள்ளி வாங்குவது எதுவும் சேராது.

இந்தச் சொற்பமும் பழைய வரி முறையில் மட்டும்தான். 2020-ல் கொண்டுவந்து, 2023-ல் எல்லாருக்கும் இயல்பான முறையாக்கிய புதிய முறையில் கல்விப் படி விலக்கு இல்லை, 80சி இல்லை. பிள்ளை என்ற சொல்லுக்கே அங்கே இடமில்லை.

2025-26 கணக்கையே பாருங்கள். வருஷம் 15 லட்சம் சம்பளம் வாங்கும் கல்யாணமாகாத ஒருவர் புதிய முறையில் கட்டும் வரி 97,500 ரூபாய். அதே சம்பளத்தில் மனைவி, இரண்டு பிள்ளைகள், வயதான அம்மா என்று ஐந்து பேருக்குச் சோறு போடுபவர் கட்டும் வரியும் 97,500 ரூபாய். இதுதான் இவர்களுடைய சமத்துவம்!

ஆனால் பிள்ளைக்கு வருமானம் வந்தால் மட்டும் இவர்களுக்குக் கண் நன்றாகத் தெரியும். பாட்டி பேரப் பிள்ளை பெயரில் போட்ட டெபாசிட்டுக்கு வட்டி வந்தால், அப்பா அம்மாவில் யாருக்கு வருமானம் அதிகமோ அவர் கணக்கில் சேர்த்து வரி போடச் சொல்கிறது சட்டம். பழைய முறையில் பிள்ளைக்கு 1,500 ரூபாய் விலக்காவது உண்டு. புதிய முறையில் அதையும் பிடுங்கிட்டாங்க. பிள்ளையோட வரவு நம்ம கணக்கு, பிள்ளையோட செலவு யார் கணக்கு?

"12 லட்சம் வரை வரியே இல்லையே"ன்னு மார்தட்டுவார்கள். சரி. வரியே கட்டாத ஏழைக் குடும்பத்துக்கு அதனால் என்ன வந்தது? இங்கே ரீஃபண்ட் என்பது டிடிஎஸ் என்று நம்மிடம் கூடுதலாகப் பிடித்ததைத் திருப்பித் தருவது. அது நம்ம காசு, சலுகை கிடையாது.

வேறு மாதிரி செய்ய முடியுமா? முடியும். அமெரிக்கா 2021-ல் செய்து காட்டியது. 6 வயதுக்குக் கீழே ஒரு குழந்தைக்கு 3,600 டாலர், 17 வயது வரை 3,000 டாலர் டாக்ஸ் கிரெடிட். கட்ட வேண்டிய வரியிலிருந்தே நேராகக் கழித்தார்கள். வரி அதைவிடக் குறைவாக இருந்தால் மீதியைப் பணமாகவே கொடுத்தார்கள். வருமானமே இல்லாத குடும்பத்துக்கும் முழுத் தொகை. பாதியை ஜூலை முதல் டிசம்பர் வரை மாதாமாதம் கொடுத்தார்கள். அந்த ஆண்டு அந்நாட்டின் குழந்தை வறுமை, அரசுக் கணக்கெடுப்பின்படி, 5.2 சதவீதமாக இறங்கியது. திட்டத்தை நீட்டிக்காமல் விட்டதும் 2022-ல் 12.4 சதவீதமாக ஏறியது. கொடுத்தாலும் தெரியும், நிறுத்தினாலும் தெரியும்!

"காசு எங்கே?" என்று கேட்கிறவர்களுக்கு ஒரு ஞாபகம். 2019 செப்டம்பரில் கம்பெனி வரியை 30 சதவீதத்திலிருந்து 22 ஆக வெட்டினார்கள். வருஷத்துக்கு 1.45 லட்சம் கோடி ரூபாய் இழப்பு என்று அரசே சொன்னது. அப்போது யாரும் காசு எங்கே என்று கேட்கவில்லை. பிள்ளைகளின் பேச்சு வரும்போதுதான் கஜானா காலியாகுதா?

1961 சட்டத்துக்குப் பதிலாகப் புதிய வருமான வரிச் சட்டம் ஏப்ரல் 1, 2026 முதல் அமலுக்கு வந்தது. இப்போது கேட்காமல் எப்போது கேட்பது?

நமது கோரிக்கைகள்:

1. கல்விப் படி, விடுதிப் படி விலக்கை இன்றைய செலவுக்கு ஏற்ப உயர்த்து. புதிய முறையிலும் கொடு.

2. பள்ளி, கல்லூரிக் கட்டணத்துக்கு 80சி-க்கு வெளியே தனி வரிக் கழிவு கொடு.

3. ஒவ்வொரு குழந்தைக்கும் டாக்ஸ் கிரெடிட் கொண்டு வா. வரி கட்டாத குடும்பத்துக்கு அதைப் பணமாகவே கொடு.

தோழர்களே, இந்த நூறு ரூபாய்க் கதையை உங்கள் அலுவலகத்தில், தெருவில், குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சொல்லுங்கள். உங்கள் வீட்டில் ஒரு பிள்ளைக்கு மாதம் எவ்வளவு ஆகிறது என்று கமெண்டில் எழுதுங்கள். அந்த நூறு ரூபாய்க்குப் பக்கத்தில் உங்கள் கணக்கும் நிற்கட்டும். நிதியமைச்சர் அதற்குப் பதில் சொல்லட்டும்!

#நூறு_ரூபாய்_போதுமா
#பிள்ளைகளுக்கும்_பங்கு_கொடு