எதிரிச் சிப்பாய்க்கு அழலாமா?

எதிரிச் சிப்பாயை மனுசனாகக் காட்டினால் நம் பக்கம் செத்தவனுக்குத் துரோகம் என்கிறார்கள். சொல்வது யாரென்று பாருங்கள் தோழர்களே. பெரும்பாலும் துப்பாக்கி தூக்காதவர்.

கிளின்ட் ஈஸ்ட்வுட் 2006இல் எடுத்த 'லெட்டர்ஸ் ஃப்ரம் இவோ ஜிமா' அமெரிக்கப் படம். பேசுவதோ ஜப்பானிய மொழி. 1945இல் அந்தத் தீவில் ஏறத்தாழ 6,800 அமெரிக்கர்கள் செத்தார்கள். ஜப்பானியர் சுமார் 20,000. படத்தில் வரும் சைகோ ரொட்டி சுடுகிறவன். ராணுவப் போலீஸ் அவன் கடையைச் சுரண்டித் தின்றது, இரும்புச் சாமான்களைத் தூக்கிப்போனது. பிறகு ராணுவம் அவனையே தூக்கிப்போனது. தீவை அமெரிக்காக்காரனுக்கே குடுத்துடலாம் என்று முணுமுணுத்து அதிகாரியிடம் அடி வாங்குகிறான். இவனைக் காட்டாமல் வேறு யாரைக் காட்டுவது? சரணடைந்தவனை அமெரிக்கச் சிப்பாய் சுட்டுக் கொல்வதையும் படம் மறைக்கவில்லை. அதுவரை சரி.

ஆனால் அனுதாபத்திலும் மேல்தட்டு, கீழ்த்தட்டு வந்துவிடுகிறது. படம் மயங்கி நிற்பது தளபதி குரிபயாஷியிடமும் பிரபு நிஷியிடமும். ஒருவர் அமெரிக்காவில் வாழ்ந்தவர். மற்றவர் 1932 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் குதிரையேற்றத்தில் தங்கம் வாங்கியவர். இங்கிலீஷ் பேசினால் நல்ல எதிரி! இது அனுதாபமா, கண்ணாடியில் தன் முகம் பார்ப்பதா? 1937இல் இதே ராணுவம் நான்ஜிங்கில் செய்த படுகொலை எங்கே போச்சு? சிப்பாய்க்கு அழத்தான் வேணும். அந்தக் கண்ணீரை வைத்துச் சக்கரவர்த்தியையும் தளபதிகளையும் கழுவி எடுக்கக்கூடாது. தீவில் வேலைக்குக் கொண்டுவரப்பட்ட கொரியர்களும் செத்தார்கள். அவர்கள் எழுதியதாக ஒரு கடிதம்கூடப் படத்தில் இல்லை.