ஒரு சாட்சி போதாது

அண்மையில் நண்பர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். ஓய்வுபெற்ற பின்னர் அமெச்சூர் வானொலியில் பொழுதைக் கழிப்பவர். கூரைமேல் புதிய அன்ரனா பூட்டியிருக்கிறாராம். "முதல் நாள் மாலையே ஜப்பானோடு கதைத்துவிட்டேன். பழையதைவிட எத்தனையோ மடங்கு திறம்" என்றார். மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. எனினும் பத்திரிகைத் தொழில் பழக்கிவிட்ட சந்தேகம் என்னைச் சும்மா இருக்கவிடவில்லை. "அதே நேரத்தில் பழைய அன்ரனாவாலும் அழைத்துப் பார்த்தீர்களா?" என்று கேட்டேன். "அதைத்தான் கழற்றிவிட்டேனே!" என்றார்.

ஒரு சாட்சியை மட்டும் நம்பிச் செய்தி எழுதாதே என்பது ஆசிரியபீடத்தில் நாங்கள் கற்ற முதற்பாடம். ஜப்பானிலிருந்து வந்த பதில் ஒரு சாட்சிதான். சிற்றலைகளைத் தொலைதூரம் கொண்டுசெல்வது அயனமண்டலம். அது மணிக்கு மணி மாறும்; சூரியனின் ஏறத்தாழ 11 ஆண்டுச் சுழற்சியோடும் மாறும். அது துணைநிற்கும் மாலையில் ஒரு துண்டுக் கம்பியும் கடல் தாண்டும். அவ்வாறாயின் நண்பரின் வெற்றியில் வானத்தின் பங்கு எவ்வளவு, அன்ரனாவின் பங்கு எவ்வளவு?

நிலையலை விகிதம் ஒன்றுக்கு ஒன்று என மானி காட்டுவதைச் சிலர் சான்றாக முன்வைப்பர். கருவிக்கும் அன்ரனாவுக்கும் பொருத்தம் உண்டு என்பதற்கு மேல் அது எதனையும் சொல்லாது. அன்ரனாவுக்குப் பதிலாக 50 ஓம் தடையொன்றை இணைத்தாலும் மானி அதையே காட்டும். சக்தியெல்லாம் வெப்பமாகப் போய்விடும். போட்டி நாட்களில் எல்லோருக்கும் வழங்கப்படும் "59" என்ற மதிப்பீடோ, நம்மவர் நூல் வெளியீட்டு விழாக்களில் ஆற்றும் ஆய்வுரை போன்றது. விற்பனையாளர் கூறும் டெசிபல் கணக்கும், எதனோடு ஒப்பிட்டது என்று சொல்லாதவரை பொருளற்றது. எல்லாத் திசையிலும் சமமாக வீசும் கற்பனை அன்ரனாவோடு ஒப்பிட்டால், சாதாரண இருமுனைக் கம்பிக்கே 2.15 டெசிபல் இலாபம் கிடைத்துவிடும்.

உண்மையை அறிய ஒரு வழிதான் உண்டு. இரண்டு அன்ரனாக்களையும் சற்றுத் தள்ளித்தள்ளிக் கட்டி, ஒரே நிலையத்தை மாறிமாறிக் கேட்க வேண்டும். அதனைப் பல நாட்கள், பல வேளைகளில் செய்ய வேண்டும். இதற்கென்றே உலகின் 18 இடங்களுக்கு அடையாள ஒலிபரப்பிகள் திட்டமிடப்பட்டன. அவற்றுள் ஒன்று இலங்கைக்கு உரியது. 14.100 மெகாஹேர்ட்ஸில் ஒவ்வொன்றும் முறைவைத்துத் தன் பெயரை 100 வோற்றில் ஒலித்து, பின்னர் 100, 10, 1, 0.1 வோற் எனப் படிப்படியாக இறங்கும். பழைய அன்ரனாவில் 10 வோற்றோடு மறைந்த ஒலி, புதியதில் 1 வோற் வரை தொடர்ந்து கேட்குமாயின் அது சான்று. அனுப்பும் திறனை அறிய, நோபல் பரிசு பெற்ற பௌதிகவியலாளர் ஜோசப் டெய்லர் 2008இல் வெளியிட்ட "விஸ்பர்" முறை இருக்கிறது. நமது மெல்லிய சமிக்ஞை எங்கெங்கே, எவ்வளவு தெளிவாகக் கேட்டது என்பதைக் கணினிகளே பதிவுசெய்துவிடும். அவை முகத்துக்காகப் புகழ்வதில்லை.

"பொழுதுபோக்குக்கு இத்தனை கண்டிப்பா?" என்று நண்பர் சலித்துக்கொண்டார். 2004 டிசெம்பர் 26ஆம் திகதிய கடற்கோளை அவருக்கு நினைவூட்டினேன். தொலைபேசிகள் செயலிழந்த நிலையில் அம்பாந்தோட்டையைக் கொழும்புடன் இணைத்தவர்கள் நம் நாட்டு அமெச்சூர் வானொலியாளர்களே. அப்படியொரு நாள் மீண்டும் வந்தால், அன்று வானமும் நமக்குச் சாதகமாக இருக்குமென்று யார் உறுதி கூறுவது? தன் அன்ரனா எங்கே எட்டும், எங்கே எட்டாது என்பதை முன்கூட்டியே அறிந்தவர்தான் அன்று பயன்படுவார். பெருமையை மட்டும் நம்பியிருந்தவர் வெற்று வானத்தை நோக்கிக் கூவிக்கொண்டிருப்பார்.

பழைய கம்பியை மீண்டும் கட்டப்போவதாக நண்பர் சொல்லியிருக்கிறார். புதியது வெல்லலாம், பழையதே வெல்லவும் கூடும். எதுவாயினும், அவர் இனிச் சொல்லப்போவதை நான் நம்புவேன்.