விற்றுமுதல் இல்லாத வண்டு

2025 ஏப்ரல் 29 அன்று அறிவிக்கப்பட்ட உயிரியல் வளப் பயன் பகிர்வு ஒழுங்குமுறைகளைப் பற்றி இதழின் நிலைப்பாடு என்ன என்று வாசகர்கள் கேட்டு எழுதுகிறார்கள். பல்லுயிர்ச் சட்டத்தின் 2023 திருத்தச் சட்டம், 2024 விதிகள், இப்போது 2014 வழிகாட்டுதல்களின் இடத்தில் இந்த ஒழுங்குமுறைகள். மூன்றையும் சேர்த்துப் படித்துவிட்டுச் சொல்கிறோம்: வணிக நிறுவனங்களுக்குத் தெளிவு பிறந்திருக்கிறது, நல்லது. பூச்சி, களைகளின் இயற்கை எதிரியை ஒரு நாட்டில் பிடித்து இன்னொரு நாட்டில் விட்டுவிட்டு வருகிற நம் தொழில், இதை எழுதியவர்களின் நினைவில் இருந்ததற்கான அடையாளம் மிகக் குறைவு.

பங்கு கணக்கிடும் முறையே இதற்குச் சாட்சி. ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாய் வரை விலக்கு; அதற்கு மேல் படிப்படியாக விழுக்காடு ஏறுகிறது. டிரைக்கோகிரம்மா ஒட்டுண்ணிக் குளவி அட்டை விற்பவர்கள் இந்தப் பகுதியைக் கவனமாகப் படிக்கட்டும். ஆனால் சோளத்தின் ஒட்டுண்ணிக் களையான சுடுமல்லியின் காய்க்குள் முட்டையிடும் ஸ்மிக்ரோனிக்ஸ் கூன்வண்டுக்கு விற்றுமுதல் ஏது? 1970களில் இந்தியாவிலிருந்து எத்தியோப்பியாவுக்கு ஸ்மிக்ரோனிக்ஸ் ஆல்போவேரிகேட்டஸும், கூடவே யூலோகாஸ்ட்ரா அந்துப்பூச்சியும் போயின. அவை நிலைகொண்டதற்குச் சான்று இல்லை. நிலைகொண்டிருந்தால் பலன் அங்குள்ள சோள விவசாயிக்கு. பில் போட ஆள் இருந்திருக்காது. பயன் பகிர்வுக்கான நகோயா நெறிமுறையின் 8ஆம் பிரிவு, வணிக நோக்கமில்லாத ஆய்வுக்கு எளிய நடைமுறை வேண்டும் என்றும், உணவுப் பாதுகாப்பைக் கருத்தில் கொள்ள வேண்டும் என்றும் சொல்கிறது. அதைக் கையிலெடுக்க இதைவிடப் பொருத்தமான இனம் கிடைக்காது.

பணம் இருக்கட்டும். எங்களைக் குடைவது காலம். இந்தப் பக்கத்தில் முன்பும் புலம்பியதுதான். கேட்டவர் இல்லாததால் மறுபடியும் எழுதுகிறோம்.

விண்ணப்பப் படிவம் 2004 விதிகளின் காலம் தொட்டு இரண்டு கேள்விகளைக் கேட்கிறது: எவ்வளவு எடுப்பீர்கள், எந்தக் காலத்துக்குள் எடுப்பீர்கள். மூலிகை வேரை மூட்டையில் கட்டுகிறவருக்கு இரண்டுக்கும் பதில் உண்டு. கூன்வண்டு வேலையில்? முற்றிய புழு காயைத் துளைத்து மண்ணில் விழுந்து மண்கூடு கட்டிக்கொள்கிறது. ஒரு பகுதி அந்தப் பருவத்திலேயே வண்டாகி வெளிவரும். மற்றவை வறட்சி முழுக்க டயபாஸ் என்னும் உறக்கநிலையில் கிடந்து, அடுத்த மழையில் மண் நனைந்த பிறகுதான் எழும். எந்தப் பகுதி எவ்வளவு என்பது இடத்துக்கு இடம், ஆண்டுக்கு ஆண்டு மாறும். தட்டில் வைத்த மண்ணுக்குள் எத்தனை உயிருடன் இருக்கின்றன என்று தோண்டிப் பார்த்தால் பாதி செத்துவிடும்.

அனுப்புவதற்கு உகந்த நிலையும் இந்த உறக்கநிலைதான். தீனி வேண்டாம், ஓம்புயிர்ச் செடி வேண்டாம், விமானத்தில் பல நாள் தாங்கும். ஆனால் இனம் இதுதான் என்று உறுதிசெய்யக் குவாரண்டைன் அதிகாரி கேட்பது வண்டை. புழுவுக்குள் ஒட்டுண்ணிக் குளவி ஒளிந்திருக்கிறதா என்ற அவருடைய கேள்வியும் நியாயமானது. அந்தக் குளவியும் புழுவோடு சேர்ந்து உறங்குகிறது. ஆக, பெட்டியில் உள்ளது என்ன என்று தெரிய அடுத்த மழைக்காலம் வரை காத்திருக்க வேண்டும். அனுமதியோ கையெழுத்திட்ட நாளிலிருந்து தேய்கிறது. வண்டு எழும்போது தாளின் ஆயுள் முடிந்திருக்கும். நீட்டிப்புக்கு எழுதிப் பதில் வருவதற்குள் வண்டின் ஆயுளும் முடிந்துவிடும். ஓர் அலுவலகத்தில் எங்களிடம், மாதிரியைக் குளிர்பதனத்தில் வைத்துக்கொள்ளலாமே என்றார்கள். குளிர் ஒரு சில இனங்களின் உறக்கத்தை நீட்டும், இன்னும் சிலவற்றைக் கொல்லும். இதை யாரிடம் போய் விளக்குவது?

ஓரோபாங்கி என்னும் புகையிலைக் காளான் களையைத் தாக்கும் ஃபைட்டோமைசா ஈயின் கதையைப் பாருங்கள். சோவியத் ஒன்றியத்தில் கூட்டுப்புழுக்களோடு தண்டுகளைச் சேகரித்து, குளிர்காலம் முழுக்கப் பாதுகாத்து, வசந்தத்தில் வயலில் விட்டார்கள். எல்லாம் ஒரே நாட்டுக்குள் நடந்ததால் உறக்கம் அவர்களுக்கு வசதியானது. அதே ஈயைச் சிலிக்குக் கொண்டுபோனபோது பருவமே தலைகீழ்: வடக்கே வசந்தம் என்றால் அங்கே இலையுதிர்காலம். புகையிலைக் காளானுக்கு எதிராக அயல்நாட்டு ஈக்கூட்டம் எதையாவது நாம் இறக்குமதி செய்ய நினைத்தாலும், காகிதம் பார்ப்பவர் முதலில் கேட்க வேண்டியது அதன் உறக்கநாட்காட்டியை.

வண்டு தின்பது விதையில் ஒரு பங்குதானே, இவ்வளவு கூச்சல் எதற்கு என்பார்கள். மாலி நாட்டுச் சுடுமல்லிக்காக 1993இல் வெளியான கணித மாதிரியும் வண்டை மட்டும் நம்பினால் போதாது என்றே காட்டியது. ஒப்புக்கொள்கிறோம். ஒரு செடி பல்லாயிரம் விதைகளை உதிர்க்கிறது. அவை மண்ணில் பத்தாண்டுக்கு மேலும் கிடக்கும். பயிர் மாற்றம், எதிர்ப்பு ரகம், கைக்களை ஆகியவற்றோடு சேர்த்துத்தான் வண்டு. ஆனால் விதைக்கு அத்தனை ஆண்டு அவகாசம் கொடுத்திருக்கும் நிலத்தில், அதன் எதிரிக்கு ஒரு பருவம்கூடக் கொடுக்க மறுப்பது எந்தக் கணக்கு?

நாங்கள் கேட்பது இவ்வளவே. வணிகமற்ற உயிரியல் கட்டுப்பாட்டு அனுமதிகளின் காலம், முதல் வண்டு எழுந்த நாளிலிருந்து எண்ணப்பட வேண்டும். அளவு என்ற கட்டத்தில் தலைக்கணக்குக்குப் பதிலாகக் காய், தண்டு, மண் கிலோ ஏற்கப்பட வேண்டும்.

இந்தப் பருவம் கரும்பிலும் சோளத்திலும் சேகரிக்கப் போகிறவர்கள் கால அளவு என்ற இடத்தில் இரண்டு மழைக்காலம் என்று எழுதுங்கள், பக்கத்தில் டயபாஸ் என்று காரணமும் குறியுங்கள். திருப்பி அனுப்பினால் அந்தக் கடிதத்தின் நகலை எங்களுக்கு அனுப்புங்கள். பதிலே வராவிட்டால் விண்ணப்பித்த தேதியை எழுதுங்கள். பெயர் நீக்கி, வரிசையாக அச்சிடுவோம்.