மணலுக்கு எல்லை உண்டா?

செஞ்சிக் கோட்டைக்கு அருகேயுள்ள சிங்கவரம் குன்றின்மீது ஏறி நிற்பவர் கண்ணுக்குக் கடல் புலப்படாது. கடற்கரையைப் பற்றி இத்தாலுகாவாசிகள் கவலைப்படுவானேன் என்று சிலர் வினவக்கூடும். செஞ்சிப் பக்கத்து மலைகளில் பிறக்கும் சங்கராபரணியே புதுவைக்குத் தெற்கே கடலில் கலக்கிறது; அதன் கிளையாகிய அரியாங்குப்பம் ஆற்றின் முகத்துவாரத்திலேதான் புதுவைத் துறைமுகம் அமைந்திருக்கிறது. நம் மலைமண் அக்கரைக்கு மணலாய்ப் போய்ச் சேருகிறபோது, கரையின் கதி நமக்கும் உரிய விஷயமேயாகும்.

நமது கீழைக் கரையில் வருஷத்தின் பெரும்பகுதி அலைகள் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டு போகின்றன. 1980களின் பிற்பகுதியில் புதுவைத் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் இரண்டு கற்சுவர்கள் நீட்டப்பட்டன. மணல் தெற்கே தேங்கிற்று. வடக்கே நகரின் மணற்கரை மறைந்தது. கருங்கல் கொட்டி நகரைக் காத்தார்கள். அரிப்போ எல்லை தாண்டி, விழுப்புரம் ஜில்லாவின் கோட்டக்குப்பம், தந்திராயன்குப்பம், பொம்மையார்பாளையம் முதலிய மீனவர் ஊர்களைப் பற்றிக்கொண்டது. ஓர் ஊரில் தூண்டில் வளைவு கட்டினால் அதற்கு வடக்கேயுள்ள ஊர் மணலை இழக்கிறது. இது எவரும் எதிர்பாராத விபத்தன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சென்னைத் துறைமுகம் எழும்பியதும், தெற்கே மெரினா அகன்றதும், வடக்கே ராயபுரக் கரை அரிக்கப்பட்டதும் யாவரும் அறிந்த பாடமே.

ஆதாரத்துக்கும் குறைவில்லை. இதே காலத்தில், 1988 மார்ச்சு மாதத்தில், ஐ.ஆர்.எஸ். 1ஏ என்னும் நம் தேசத்துத் தொலையுணர்வுச் செயற்கைக்கோள், சுமார் 900 கிலோ மீட்டர் உயரத்திலிருந்து பூமியைப் படமெடுக்கத் தொடங்கிற்று. இத்தகைய படங்களை வைத்துச் சென்னையிலுள்ள தேசியக் கடலோர ஆராய்ச்சி மையம் 1990 முதல் 2018 வரை நேர்ந்த மாறுதல்களைக் கணக்கிட்டது. இந்தியப் பெருநிலக் கரையில் 33.6 சதவிகிதம் அரிப்புக்கு உள்ளானது. தமிழ்நாட்டில் அது 42.7 சதவிகிதம். நியாயஸ்தலத்து மொழியில் சொன்னால், சாட்சியம் பூர்த்தியாகிவிட்டது; தீர்ப்பை நிறைவேற்றுவோரைத்தான் காணோம்.

ஏன்? வானத்துக் கண்ணுக்குக் கரை ஒன்று. கீழே ஆள்வோருக்கு அது இரண்டு. புதுவை சர்க்கார் தன் பகுதிக்குத் திட்டம் தீட்டுகிறது; தமிழ்நாட்டு சர்க்கார் தன் பகுதிக்குக் கல் கொட்டுகிறது. மணல் எந்தச் சுங்கச்சாவடியில் நின்று எல்லை கேட்டது?

படத்துக்கும் ஒரு குறை உண்டென்பதை மறைக்க வேண்டுவதில்லை. மணல் இருப்பதை அது காட்டும். அந்த மணலில் எவர் வலை உலர்த்துகிறார், எங்கே படகு நிறுத்துகிறார் என்பதைக் காட்டாது. 1991ல் பிறந்து, 2011லும் 2019லும் திருத்தி எழுதப்பட்ட கடலோர ஒழுங்குமுறை விதி, மீனவர் குடியிருப்புகளையும் அவர்களது பொதுவிடங்களையும் வரைபடத்தில் குறிக்கும்படி கூறுகிறது. ஆயினும் 2023ல் தமிழ்நாட்டு வரைவுப் படங்கள் வெளிவந்தபோது, தங்கள் இடங்கள் பல விடுபட்டன என்று மீனவர்கள் முறையிட்டார்கள். படத்தில் இல்லாத குப்பம், நாளை ஒரு விடுதிக்காரர் கண்ணுக்கு வெறும் புறம்போக்காகவே தோன்றும்.

ஆகவே நாம் மூன்று காரியங்களை வற்புறுத்துகிறோம். கடலூர் முதல் மரக்காணம் வரையுள்ள கரைக்கு இரு சர்க்கார்களும் சேர்ந்து ஒரே திட்டம் வகுக்க வேண்டும். ஆற்று மணலையும் அதில் கணக்கெடுக்க வேண்டும். கடலோர வரைபடங்களைத் தமிழில் அச்சிட்டு ஒவ்வொரு ஊராட்சி மன்றச் சுவரிலும் ஒட்ட வேண்டும். குப்பத்தார் பார்த்துத் திருத்திச் சம்மதித்த பிறகே புதுக் கட்டடத்துக்கு முதற்கல் விழ வேண்டும்.

விஞ்ஞானம் தன் கடமையைச் செய்துவிட்டது. இனிச் செய்ய வேண்டியவர்கள் மந்திரிமாரும், அவர்களைச் செய்விக்க வேண்டியவர்களாகிய ஜனங்களுமே. செஞ்சித் தாலுகாவின் ஊழியர்களும் அடுத்த கிராம சபையிலேயே இக்கோரிக்கையைத் தீர்மானமாக்கி அனுப்புவார்களாக.