இரசிகர் ஆக்கங்களும் விமர்சன வறுமையும்

ஊதியம் பெறாது ஒருவர் செய்த வேலையைக் குறைகூறுதல் பண்பன்று என்னும் எண்ணம் நம்மிடையே ஆழ வேரூன்றியுள்ளது. விருந்துக்கு அழைத்தவர் வீட்டுக் கறியில் உப்புக் கூடிவிட்டதென்று பந்தியிலிருந்தே உரைப்பவரை எவரும் மெச்சார். ஆயின், விருந்தோம்பலின் விதியைக் கலையின் விதியாகக் கொள்ளும்போது கலை கெடுகின்றது. அக்கலையை ஆக்கியோரும் ஏமாற்றப்படுகின்றனர். இவ்வுண்மை இன்று மிகத் துலக்கமாகப் புலப்படும் துறையொன்று உண்டு. பழைய வீடியோ விளையாட்டுகளுக்கு அவற்றின் இரசிகர்களே புதிதாக ஆக்கும் கட்டங்களையும், அவற்றுக்கு அமைக்கும் இசையையும் பற்றி எழுதப்படும் மதிப்புரைகளையே இங்குக் கருதுகின்றோம். அவற்றுட் பெரும்பாலானவை விமர்சனம் என்னும் பெயருக்குத் தகுதியற்றவை என்பதும், அவற்றின் மென்மை உண்மையில் அவமதிப்பின் மறுவடிவமே என்பதும் இக்கட்டுரையின் வாதமாகும்.

தமிழ்ச் சங்க இதழொன்றில் இதற்கு என்ன இடம் என வினவுவோர் இருக்கலாம். வெறும் இரசனைக் குறிப்புத் திறனாய்வாகாது என்பது ஈழத்துத் தமிழ் விமர்சனத் துறையில் க. கைலாசபதி முதலானோர் பல்லாண்டுகளுக்கு முன்னரே வற்புறுத்திய செய்தியாகும். அச்செய்தி நாவலுக்கும் கவிதைக்கும் மட்டுமே பொருந்தும் என்று கொள்வதற்கு நியாயம் எதுவுமில்லை. மனிதர் எங்கெல்லாம் ஆக்கத்தில் ஈடுபடுகின்றனரோ அங்கெல்லாம் விமர்சனத்துக்குக் கடமை உண்டு.

எடுத்துக்காட்டாக, ‘சூப்பர் மாரியோ வேர்ள்ட்’ என்னும் விளையாட்டைக் கொள்வோம். 1990 நவம்பரில் யப்பானில் நின்ரெண்டோ நிறுவனத்தால் வெளியிடப்பட்ட இது, மேடைக்கு மேடை தாவிச் செல்லும் விளையாட்டுகளுட் புகழ்பெற்றது. தகாஷி தெசுக்கா இயக்க, ஷிகெரு மியமோட்டோ தயாரிக்க, கோஜி கொண்டோ இசையமைத்தார். 512 கிலோபைற் அளவேயான நினைவகத்துள் 96 வெளியேறும் வழிகளைக் கொண்ட ஓர் உலகம் அடக்கப்பட்டிருந்தது. நிறுவனத்தின் பணி அத்துடன் முடிந்தது. இரசிகரின் பணி முடியவில்லை. 2000ஆம் ஆண்டில் ‘லூனர் மஜிக்’ என்னும் தொகுப்புக் கருவியை இரசிகரொருவர் உருவாக்கி வெளியிட்டதன் பின்னர், எவரும் தமது கணினியில் அவ்வுலகத்தைக் கலைத்துப் புதிய கட்டங்களை அமைத்தல் இயல்வதாயிற்று. நிறுவனத்தின் உரிமையுடைய விளையாட்டைப் பரப்பாது, அதனின்றும் வேறுபடும் பகுதிகளை மட்டும் சிறு கோப்பாக்கிப் பகிரும் வழக்கமும் நிலைபெற்றது.

இது தனித்ததொரு நிகழ்ச்சியுமன்று. 1983இல் வெளிவந்த ‘லோட் ரன்னர்’ 150 கட்டங்களுடன் அவற்றைத் தாமே அமைப்பதற்கான கருவியையும் விளையாடுவோர் கையில் அளித்தது. அடுத்த ஆண்டில் வெளிவந்த அதன் தொடர்ச்சி, இரசிகர் அமைத்தனுப்பிய கட்டங்களினின்றே ஆக்கப்பட்டது. எனவே நாம் பேசுவது நாற்பதாண்டு கடந்த ஒரு மரபைப் பற்றியாகும். நாற்பதாண்டு மரபொன்று இன்னும் தனக்கென ஒரு விமர்சன மொழியைப் பரவலாகப் பெறாதிருத்தல் வெட்கத்துக்குரியது.

இன்றைய நிலை யாது? பத்துக்கு எட்டு, ஐந்துக்கு நான்கு என்று எண்ணொன்று இடப்படுகின்றது. அதனடியில் ‘அருமை’, ‘சற்றுக் கடினம்’, ‘இசை நன்று’ என இரண்டொரு சொற்கள் எழுதப்படுகின்றன. எந்த இடத்தில் அருமை, எதனாற் கடினம், எந்தக் காட்சிக்கு எந்த இசை நன்று என்பன கூறப்படுவதில்லை. பாடசாலைத் தேர்வுத்தாளைத் திருத்தும் ஆசிரியர்கூட விடையின் ஓரத்தில் ஒரு கோடாவது இடுவார். இம்மதிப்புரையாளர் அதனையும் செய்வதில்லை. இத்தகைய எண்ணிலிருந்து ஆக்கியவர் கற்கத்தக்கது யாதுமில்லை. விளையாடப் போகின்றவர் அறியத்தக்கதும் யாதுமில்லை.

இவ்வறுமைக்கு மூன்று தவறான அளவுகோல்கள் காரணமாகின்றன. முதலாவது, முன்னர்க் கூறிய இலவச வாதம். விலை பெறாதது விமர்சனம் பெறலாகாது என்போர், விமர்சனத்தை நுகர்வோரின் முறைப்பாடாக மட்டும் விளங்கிக்கொள்கின்றனர். பணம் கொடுத்தவனுக்கே கேட்கும் உரிமை என்பது சந்தையின் நியாயம். சந்தைக்கு வெளியே, இலாப நோக்கின்றி, பல மாதங்கள் உழைத்து ஒருவர் ஆக்கியதைச் சந்தையின் நியாயங்கொண்டு அளப்பது எத்துணை முரண்! உண்மையில், விலையற்ற ஆக்கத்துக்கு அதனை ஆக்கியவர் எதிர்பார்க்கும் ஒரே கூலி, பிறிதொருவர் அதனைக் கருத்தூன்றி விளையாடினார் என்பதற்கான சான்றாகும். கூர்மையான விமர்சனமே அச்சான்று. வெற்றுப் பாராட்டு அக்கூலியையும் பறித்துக்கொள்கின்றது.

இரண்டாவது, மூலத்துக்கு எத்துணை அண்மையில் உள்ளது என்னும் அளவுகோல். ‘நிறுவனமே செய்தது போன்றுள்ளது’ என்பதை உயர்ந்த புகழ்ச்சியாகப் பலர் வழங்குகின்றனர். இது நிழலுக்கு வழங்கும் பரிசாகும். மூலத்திலிருந்து கற்கவேண்டியது அதன் தோற்றத்தையன்று, அதன் முறையையே. 1985இல் வந்த முதலாவது மாரியோ விளையாட்டின் முதற் கட்டத்தை நோக்குக. தொடங்கிய சில கணங்களில் எதிரியொன்று முன்வருகின்றது. தாவவேண்டும் என்பது எழுத்தொன்றும் இன்றியே உணர்த்தப்படுகின்றது. அதன்பின் வெளிப்படும் காளான் குழாயில் மோதித் திரும்பி விளையாடுபவரிடமே வந்து சேர்கின்றது. அது பகையன்று, நலம் பயப்பது என்பது அனுபவத்தாற் கற்பிக்கப்படுகின்றது. பிற்கால மாரியோ விளையாட்டுகளை இயக்கிய கோயிச்சி ஹயாஷிதா, தொடக்கம், வளர்ச்சி, திருப்பம், முடிவு என்னும் நாற்படி அமைப்பைக் கட்டங்களின் அடிப்படையாக 2012இல் விளக்கினார்; சீனக் கவிதை மரபினின்றும் கிளைத்த அமைப்பு அது. இரசிகரது கட்டமொன்று ஒரு கருத்தை அறிமுகஞ் செய்து, வளர்த்து, எதிர்பாராத வகையிற் திருப்பி முடிக்கின்றதா, அன்றேல் கண்ட பொருள்களையெல்லாம் குவித்து வைத்துள்ளதா என்பதே விமர்சகன் எழுப்பவேண்டிய வினா. அது மூலத்தைப் போன்று தோன்றுகின்றதா என்பது வினாவேயன்று.

மூன்றாவது, கடுமையே தரம் என்னும் மயக்கம். ‘கைசோ’ என்னும் யப்பானியச் சொல் மாற்றியமைத்தலைக் குறிப்பது. அப்பெயரால் 2007ஆம் ஆண்டளவிற் புகழடைந்த கட்டங்கள், ஆக்கியவர் தம் நண்பரொருவரை விளையாட வைத்து வேடிக்கை பார்ப்பதற்காக அமைத்தவை. தாவும் பாதையில், கண்ணுக்குப் புலப்படாத கட்டியொன்றை மறைத்து வைத்து, தலையில் மோதவைத்துப் பள்ளத்தில் வீழ்த்தும் தந்திரம் அவற்றின் முத்திரையாயிற்று. நண்பர் இருவரிடையே அது நகைச்சுவை. அதனைப் பொருளறியாது நகல் செய்தோர் கையில் அது வெறும் வன்மம் ஆயிற்று. ஆயினும் இவ்வகைக் கட்டங்கள் யாவும் இழிந்தவை என்று ஒதுக்குதலும் தவறு. பின்வந்தோருட் சிலர் இதனைத் துல்லியமான அசைவுகளின் ஓர் ஒழுங்காக வளர்த்தெடுத்துள்ளனர். வன்மத்தையும் ஒழுங்கையும் வேறுபடுத்திக் காட்டுவதற்கு விமர்சனம் வேண்டும். ‘மிகக் கடினம், பத்துக்கு ஒன்பது’ என்பதோ, ‘மிகக் கடினம், பத்துக்கு இரண்டு’ என்பதோ அவ்வேறுபாட்டைக் காட்டாது.

கடுமை பற்றிய இம்மயக்கம் எத்துணை தூரம் செல்லும் என்பதற்கு அண்மைக்காலச் சான்றொன்று உண்டு. நின்ரெண்டோ 2015இல் வெளியிட்ட ‘சூப்பர் மாரியோ மேக்கர்’, கட்டம் அமைக்கும் கருவியையே விளையாட்டாக விற்றது. ஆக்கியவர் தம் கட்டத்தைத் தாமே விளையாடி முடித்த பின்னரே அதனைப் பகிரலாம் என்பது அதன் விதி. 2017இற் பகிரப்பட்ட கட்டமொன்று ஆண்டுக்கணக்கில் எவராலும் முடிக்கப்படாதிருந்தது. இயந்திர உதவிகொண்டே தாம் அதனை முடித்துப் பகிர்ந்ததாக 2024 மார்ச்சில் அதனை ஆக்கியவரே வெளிப்படுத்தினார். அதற்குள் எத்தனையோ பேர் அதனோடு போராடிவிட்டனர். கட்டம் என்பது ஆக்குபவருக்கும் விளையாடுபவருக்கும் இடையிலான ஓர் உடன்படிக்கை. அவ்வுடன்படிக்கை நேர்மையானதா என ஆராயாது அருமையை மட்டும் வியந்தால் வியப்பே ஏமாற்றுக்குத் துணைபோகும்.

இனி இசைக்கு வருவோம். இங்கே விமர்சனத்தின் வறுமை இன்னும் கொடியது. கட்டத்தைப் பற்றி நான்கு சொல் எழுதுவோர்கூட இசையைப் பற்றி ஒரு சொல்லுடன் நின்றுவிடுகின்றனர். அன்றேல் இசையைத் தனியே பிரித்தெடுத்து, கேட்பதற்கு இனிமையா என்று மட்டும் நோக்குகின்றனர். கோஜி கொண்டோ சூப்பர் மாரியோ வேர்ள்டிற் செய்தது யாது? கட்டங்களில் ஒலிக்கும் இசையிற் பெரும்பகுதியை ஒரே மெட்டின் வேறுபாடுகளாக அமைத்தார். திறந்த வெளியில் இயல்பாக ஒலிக்கும் அம்மெட்டு, குகையில் மெதுவாகி எதிரொலிக்கின்றது. நீருக்கடியில் அலைபோல அசையும் மூன்று தாளக் கணக்குக்கு மாறுகின்றது. யோஷி என்னும் விலங்கின்மேல் ஏறியதும் இசையோடு தோற்கருவி ஒலியொன்று இணைகின்றது. இசை இங்குக் கட்டத்தின் ஓர் உறுப்பாகவே இயங்குகின்றது, அது பின்னணியன்று.

இக்கருவியின் எல்லைகளை அறியாதவர் இதன் இசையை மதிப்பிடவும் இயலாது. ஒலிக்கென ஒதுக்கப்பட்ட நினைவகம் 64 கிலோபைற் மாத்திரமே. ஒரே வேளையில் ஒலிக்கத்தக்க குரல்கள் எட்டு. தாவும் ஒலி, நாணயம் எடுக்கும் ஒலி முதலியனவும் அவ்வெட்டினுள்ளேயே பங்கு கேட்கின்றன. எதிரொலி வேண்டுமாயின் ஒவ்வொரு 16 மில்லிசெக்கன் தாமதத்துக்கும் 2 கிலோபைற் கொடுக்கவேண்டும். ஆகக்கூடிய எதிரொலி 30 கிலோபைற்றை, ஏறத்தாழப் பாதி நினைவகத்தை, விழுங்கிவிடும். குகைக்கு எதிரொலி வேண்டுமா, அன்றி இன்னொரு வாத்தியத்தின் மாதிரி வேண்டுமா என்று இரசிகரான இசையமைப்பாளர் தெரிவு செய்கின்றார். அத்தெரிவு கட்டத்துக்குப் பொருந்தியதா? இதுவன்றோ விமர்சகன் கேட்கவேண்டியது! வேறு விளையாட்டினின்றும் மெட்டொன்றைப் பெயர்த்து வைத்தவரையும், தாமே மெட்டமைத்தவரையும் ‘இசை நன்று’ என்னும் ஒரே சொல்லால் வாழ்த்துதல் இருவருக்கும் செய்யும் அநீதியாகும்.

இன்னுமொன்று. மூல விளையாட்டில் மாரியோ இறந்ததும் இசை நின்று, இறப்பைக் குறிக்கும் சிறு மெட்டு ஒலித்து, ஆட்டம் உலகப் படத்துக்குத் திரும்பும். இன்றைய கைசோக் கட்டங்கள் பலவற்றில், இறந்த கணத்திலேயே மீண்டும் தொடங்கும் ஏற்பாடு உண்டு; இசையோ இடையறாது தொடர்கின்றது. நூறு முறை இறப்பவர் அதே இசையின் ஓட்டத்திலேயே நூறு முறை எழுகின்றார். ஆகவே அங்கு இசைக்கு வேண்டிய இயல்புகள் வேறு. அரை நிமிடத்தில் மீளத் தொடங்கும் மெட்டு அங்குச் சித்திரவதை. நீண்டு வளரும் மெட்டு அங்குத் துணை. தனியே கேட்டு மகிழ்ந்த பாடலொன்று அவ்விடத்திற் பெருந்தவறாகலாம். இசையை ஆட்டத்தினின்றும் பிரித்து எண்ணிடுவோர் இதனை எங்ஙனம் காண்பர்?

நிறுவனங்களின் நிலைப்பாடும் இங்கு நோக்கற்பாலது. மாரியோ மேக்கரில் கட்டம் அமைக்கலாம். பின்னணி இசையைத் தாமாக அமைத்துச் சேர்க்க வழியில்லை. சுரக் கட்டிகளை அடுக்கி அவற்றின் மோதலால் மெட்டெழுப்பும் கட்டங்களை இரசிகர் கண்டுபிடித்தமை, அத்தடையை மீறிய படைப்புணர்வுக்குச் சான்றாகும். விமர்சனத்துக்கு அந்நிறுவனம் முதலில் நட்சத்திரத்தையும், 2019இல் வந்த இரண்டாம் பாகத்தில் விருப்பு வெறுப்புப் பொத்தான்களையும் வழங்கியது. ஊதியமற்ற உழைப்பால் ஆகிய இலட்சக்கணக்கான கட்டங்களே அப்பண்டத்துக்குக் கவர்ச்சி சேர்த்தன. அவ்வுழைப்புக்குக் கிடைத்த பதிலோ ஒரு பொத்தான். விமர்சகரும் பொத்தானோடு அமைந்துவிடுவாராயின், அவர் அறிந்தோ அறியாமலோ விற்பனையாளரின் கணக்கராகிவிடுகின்றார்.

‘தொடக்கநிலை இளைஞர் மனமுடைந்து போவரே’ என்பது இறுதியாக எழுப்பப்படும் தடை. ஆக்கத்தின் குறையைச் சுட்டுதல் வேறு, ஆக்கியவரை இகழ்தல் வேறு. ‘மூன்றாம் திரையில் மேடை காணப்படுமுன்னரே தாவவேண்டியுள்ளது, நாணயமொன்றை வைத்து வழி காட்டியிருக்கலாம்’ என்னும் வாக்கியத்தால் எவர் மனமும் உடையாது. பத்துக்கு மூன்று என்னும் ஊமை எண்ணே மனத்தை உடைக்கும். பத்துக்குப் பத்து என்னும் ஊமை எண்ணோ வளர்ச்சியை நிறுத்தும். இத்துறை விளையாட்டுத்தனமானதுமன்று. 2017இல் சேகா நிறுவனம் வெளியிட்ட ‘சொனிக் மேனியா’வை முன்னின்று ஆக்கிய கிறிஸ்டியன் வைற்ஹெட் இரசிகர் ஆக்கங்களினூடாகவே வளர்ந்தவர், அதற்கு இசையமைத்த ரீ லோப்ஸ் சொனிக் இசையைத் தாமாக மீளமைத்து அறியப்பட்டவர். இரசிகர் மன்றம் ஒரு பட்டறை. பட்டறையில் உண்மை பேசப்படாவிடின் கைத்தொழில் வளராது.

அன்றியும் இவ்வாக்கங்கள் நிலையற்றவை. முதலாவது மாரியோ மேக்கரில் புதிய கட்டங்களைப் பகிர்தல் 2021 மார்ச்சுடன் நிறுத்தப்பட்டது. 2024 ஏப்பிரலில் அதன் இணையச் சேவையே மூடப்பட்டது. பல்லாயிரவர் உழைப்பு, நிறுவனமொன்றின் தீர்மானத்தால் எட்டாப் பொருளாயிற்று. கட்டம் மறைந்த பின், அது எவ்வாறு இயங்கிற்று, எங்கே சிறந்தது, எங்கே தவறிற்று, அதன் இசை விளையாடியவரின் கையை எவ்வாறு இயக்கிற்று என்பதை விளக்கி எழுதிய மதிப்புரையொன்று இருப்பின் பின்வருவோர் அதிலிருந்தேனும் கற்பர். எண்ணொன்று மட்டும் எஞ்சியிருப்பின் கற்பதற்கு எதுவுமிராது.

ஆதலின் மதிப்புரை எழுதப் புகுவோரிடம் நாம் வேண்டுவன சில. கட்டத்தை இறுதிவரை விளையாடுக. இயலாதாயின் எவ்விடத்தில் நின்றீர் என்பதைக் கூறுக. குறையை இடஞ்சுட்டி உரைக்க. நிறைக்குக் காரணங் காட்டுக. இசையை விரல்கள் ஆட்டத்தில் இருக்கும்போதே கேட்க. எண்ணிட்டே ஆகவேண்டுமாயின் இறுதியில் இடுக. ஆக்கியவரை விருந்தளித்தவராகக் கருதி முகமன் கூறுவதை விடுத்து, கலைஞராகக் கருதி உண்மை கூறுக. அவருக்கு நாம் செலுத்தக்கூடிய மரியாதை வேறில்லை.