சாவியைப் பூட்டிலேயே விடலாமா?

"வீட்டுக் கணினிக்குக் கடவுச்சொல் எதற்கு? திறந்தவுடன் வேலையைத் தொடங்கினால் என்ன?" என்று கேட்கிறார்கள் நம் விடுதி நண்பர்கள். ஊரிலுள்ள பெற்றோரும் இதையே கேட்கிறார்கள். கேள்வியில் நியாயம் இல்லாமலில்லை. நாளுக்குப் பத்து முறை ஒரே சொல்லைத் தட்டுவது யாருக்குத்தான் சலிக்காது?

கடவுச்சொல்லும் குற்றமற்ற காவலன் அன்று. 1960-களின் தொடக்கத்தில், ஒரே கணினியைப் பலர் பயன்படுத்தும் முறையை அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் கார்பட்டோ குழுவினர் அமைத்தார்கள். ஒருவர் கோப்பில் மற்றவர் கைவையாதிருக்கக் கடவுச்சொல்லைக் கொணர்ந்தார்கள். 1962-இல் அங்கு ஆய்வு மாணவராயிருந்த ஆலன் ஷெர் என்ன செய்தார் தெரியுமா? தமக்கு ஒதுக்கிய கணினி நேரம் போதவில்லையென்று, எல்லோருடைய கடவுச்சொற்களையும் அச்சிட்டு எடுத்துக்கொண்டார்!

ஆகவே, கடவுச்சொல் போகட்டும் என்பவர்களோடு எனக்குப் பகையில்லை. எப்படிப் போகவேண்டும் என்பதில்தான் என் வழக்கு.

விண்டோஸ் கணினியைத் தானே உள்நுழையும்படி அமைத்துவிடுவது ஒரு வழி. கடவுச்சொல் ஒழிந்தது என்று நாம் மகிழ்கிறோம். உண்மையில் அது கணினிக்குள்ளேயே சேமிக்கப்படுகிறது. நிர்வாகி உரிமை பெற்றவர் அதை வெளியே எடுத்துவிடலாம். பூட்டிலேயே சாவியை விட்டுவிட்டு ஊருக்குப் போவதற்கு இது ஒப்பாகும். பொத்தானை அழுத்தியவருக்கு நம் மின்னஞ்சல் திறக்கும். மின்னஞ்சல் கையில் வந்தால், மற்றக் கணக்குகள் பலவற்றின் கடவுச்சொல்லையும் மாற்றிவிடலாமே!

"வீட்டில் இருப்பவர்கள் நம்மவர்கள்தாமே?" என்பீர்கள். ஆம், நம்மவர்கள்தாம். ஆனால் வீட்டுக் கணினி இன்று வீட்டிலா இருக்கிறது? தில்லியிலிருந்து சென்னைக்கு முப்பது மணி நேரத்துக்கு மேல் இரயிலில் வருகிறோம். தலைமாட்டுப் பையில் மடிக்கணினியும் வருகிறது. நாம் உறங்கும்போது பை இறங்கிப்போனால்? அறைத்தோழரை ஐயுற்றுப் பூட்டச் சொல்லவில்லை. முகமறியாத அந்த ஒருவருக்காகவே சொல்கிறேன்.

மற்றொரு வழி உண்டு. 2015-இல் விண்டோஸ் 10-உடன் வந்த விண்டோஸ் ஹலோ, விரல்ரேகை, முகம், பின் எண் ஆகியவற்றால் கணினியைத் திறக்கிறது. பின் எண் அந்த ஒரு கணினிக்கே உரியது. அதை மட்டும் அறிந்தவர் வேறிடத்திலிருந்து நம் கணக்கினுள் நுழைய முடியாது. இதனோடு வட்டை மறையாக்கமும் செய்யவேண்டும். இல்லையேல் வட்டைக் கழற்றி வேறு கணினியில் பொருத்திக் கோப்புகளைப் படித்துவிடலாம். மறையாக்கத்தின் மீட்புச் சாவியை மட்டும் கணினிக்கு வெளியே பத்திரப்படுத்துங்கள்.

நண்பர்களே, அடுத்த விடுமுறைக்கு ஊர் செல்லும்போது அரைமணி நேரம் ஒதுக்குங்கள். அம்மாவுக்கு ஒரு கணக்கு, தம்பிக்கு ஒரு கணக்கு எனத் தனித்தனியே அமைத்துக் கொடுங்கள். கருவி இருந்தால் விரல்ரேகை. இல்லையேல் பின் எண். அம்மா எந்தச் சொல்லையும் மனப்பாடம் செய்யவேண்டியதில்லை. வீட்டுக் கதவும் திறந்து கிடக்காது.